கூடவே வந்ததும் கேட்டு வாங்கியதும்

என் தம்பி மகள் எங்கள் வீட்டில் தங்கி, இங்கே நாக்பூரில் புள்ளியியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்த சமயம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டே நாட்கள் பாக்கி. எழுத்துப் பிழை ஏதாவது இருந்தால் பார்த்துச் சொல்லும்படி ஒரு கட்டுக் காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் போனாள்.

இந்த ஊரின் கோடை வெயிலைப் பற்றிய ஆய்வு அது. பல வருடங்களின் தினசரி உச்ச வெப்பநிலையை எடுத்துக்கொண்டு, முதல் நாளுக்கும் மறு நாளுக்கும் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று கணக்குப் போட்டிருந்தாள். மூன்றாவது அத்தியாயத்தில் ஓர் அட்டவணை. அதில் ஒரு வரி: "ஒரே நாளில் 3 டிகிரிக்கு மேல் ஏறிய நாட்கள் - 0."

எனக்குப் பொறி தட்டியது. இருப்புப் பாதைப் பராமரிப்பில் முப்பது வருடங்களுக்கு மேல் வெயிலில் நின்றவன் நான். கோடையில் தண்டவாளம் சூடேறி நீண்டு வளைந்துவிடாமல் இருக்கிறதா என்று பார்க்கத் தனியாக ஆள் போட்டு ரோந்து விடுவது எங்கள் வழக்கம். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் இடி மழை பெய்து ஊரே குளிர்ந்துபோகும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ வெயில் பழையபடி வந்து மண்டையைப் பிளக்கும். அப்படி ஒரு நாள்கூட இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

"ஏம்மா, இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடவா 3 டிகிரி ஏறவில்லை?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் போட்ட கணக்கு பெரியப்பா. தப்பு எதுவும் காட்டவில்லையே!" என்றாள்.

அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ராத்திரி பதினொன்றரை ஆயிற்று. கண்டுபிடித்த விஷயம் மிகச் சின்னது. ஆனால் நம் பிள்ளைகள் பலர் இப்போது இதே மாதிரியான படிப்பிலும் வேலையிலும் இருக்கிறார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஓரெழுத்துப் பெயர்

அவள் உபயோகித்த கம்ப்யூட்டர் மொழியின் பெயர் ஆர். ஆங்கிலத்தின் பதினெட்டாவது எழுத்து, அவ்வளவுதான் பெயர். புள்ளிவிவரக் கணக்குகளுக்கென்றே உருவான மொழி. இதற்கு ஒரு மூதாதை உண்டு. 1976-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸும் அவருடைய சகாக்களும் எஸ் என்ற மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். அதை மனதில் வைத்து, நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்கள் 1990-களின் தொடக்கத்தில் செய்ததுதான் ஆர். இருவர் பெயரின் முதல் எழுத்தும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள்.

1995-இல் அதை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமத்தில் வெளியிட்டார்கள். 1997-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்த ஒரு மையக் குழு அமைந்து பராமரிப்புப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. முதல் முழுப் பதிப்பு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு, அவள் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். பைசா செலவில்லாமல் கிடைக்கிற பொருள் என்பதும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

தோளில் ஒன்று, பெட்டியில் ஒன்று, டிப்போவில் ஒன்று

இந்த மொழியில் வேலை செய்யும் கருவிகள் எல்லாம் பேக்கேஜ் எனப்படும் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. சராசரி காண ஒரு கருவி, வரைபடம் போட ஒரு கருவி, இரண்டு குழுக்களுக்கு இடையே வித்தியாசம் உண்டா என்று சோதிக்க ஒரு கருவி என்று ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பெட்டியைச் சேர்ந்தது. இந்தப் பெட்டிகளில் எது கூடவே வருகிறது, எதை நாம் கேட்டு வாங்க வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். எனக்குப் புரிந்ததை என் உத்தியோகத்து வழியிலேயே சொல்கிறேன்.

தினமும் காலையில் எங்கள் கீமேன் தன் எல்லைக்குள் இருக்கும் பாதையை நடந்து பார்ப்பார். சுத்தியல், ஸ்பானர், சிவப்புக் கொடி இவையெல்லாம் அவர் தோளிலும் கையிலும் இருக்கும். எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. அடுத்தது, கேங் குடிசையில் இருக்கும் டூல் பெட்டி. கடப்பாரை, ஜாக்கி போன்றவை அதில் இருக்கும். கேங்குக்குச் சொந்தமான சாமான்தான், ஆனால் பூட்டைத் திறந்து எடுக்க வேண்டும். மூன்றாவது, ஸ்டோர்ஸ் டிப்போ. அங்கே இல்லாத பொருள் இல்லை. ஆனால் இண்டெண்ட் எழுதி அனுப்பி, வரவழைத்து, நம் பெட்டியில் வைத்துக்கொண்டால்தான் அது நம்முடையது.

ஆர் மொழியிலும் இதே மூன்று படிகள்.

ஆர் மொழியைக் கம்ப்யூட்டரில் நிறுவும்போது அதன் பிரிக்க முடியாத பகுதியாக 14 பெட்டிகள் வருகின்றன. இவற்றை அடிப்படைப் பெட்டிகள் என்கிறார்கள். இவற்றில் 7 பெட்டிகள், ஆர் தொடங்கியவுடன் தாமே திறந்துகொள்கின்றன: பேஸ், ஸ்டாட்ஸ், கிராஃபிக்ஸ், ஜிஆர்டிவைசஸ், யூட்டில்ஸ், டேட்டாசெட்ஸ், மெதட்ஸ். இவைதான் கீமேனின் தோளில் இருப்பவை. சராசரி, திட்ட விலக்கம், நேர்கோட்டுத் தொடர்பு, சாதாரண வரைபடங்கள் எல்லாம் இவற்றிலேயே அடங்கிவிடும்.

மீதி 7 பெட்டிகள் கம்ப்யூட்டருக்குள் வந்து உட்கார்ந்திருக்கும், ஆனால் மூடியிருக்கும். பல வேலைகளை ஒரே நேரத்தில் பகிர்ந்து செய்ய உதவும் பேரலல் என்ற பெட்டி இந்த ரகம். இவற்றோடு, பரிந்துரைக்கப்பட்டவை என்ற பெயரில் இன்னும் 15 பெட்டிகள் உண்டு. விண்டோஸிலும் மேக்கிலும் வழக்கப்படி நிறுவினால் இந்த 15-ம் சேர்ந்தே வந்துவிடும். லினக்ஸில் சில வகைகளில் மட்டும் தனி மூட்டையாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். நோயாளிகள் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள், ஓர் இயந்திர உறுப்பு எவ்வளவு காலம் உழைத்தது என்ற ரகக் கணக்குகளுக்கு சர்வைவல் என்ற பெட்டி. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பணியாற்றிய டெர்ரி தெர்னோ எழுதியது. இதுவும் அந்த 15-இல் ஒன்று. இவையெல்லாம் கேங் குடிசையில் பூட்டி வைத்த பெட்டி. லைப்ரரி என்ற கட்டளை கொடுத்துத் திறக்க வேண்டும்.

மூன்றாவது, டிப்போ. 1997-இல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் கர்ட் ஹோர்னிக், ஃபிரிட்ஸ் லைஷ் என்பவர்கள் தொடங்கிய கிரான் என்ற பொதுக் களஞ்சியம் அது. இன்று அதில் 20,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. உலகம் முழுவதும் உள்ள ஆசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும் எழுதிக் கொடுத்தவை. எக்செல் கோப்பைப் படிக்க ஒன்று, தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டு வரைபடங்களுக்கு ஒன்று என்று எதைக் கேட்டாலும் ஏதோ ஒன்று கிடைக்கும். இன்ஸ்டால் கட்டளை கொடுத்து ஒரு முறை வரவழைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் லைப்ரரி கட்டளை கொடுத்துத் திறக்க வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். வரவழைப்பது ஒரு முறை, திறப்பது ஒவ்வொரு முறையும். "கருவியைக் காணோம்" என்று கம்ப்யூட்டர் சொன்னால் பெரும்பாலும் பெட்டி திறக்கப்படவில்லை என்று அர்த்தம் (பெயரைத் தப்பாக அடித்திருந்தாலும் அதையேதான் சொல்லும்). "அப்படி ஒரு பெட்டியே இல்லை" என்று சொன்னால் பெட்டி இன்னும் வரவழைக்கப்படவில்லை. இந்த இரண்டு செய்திகளையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம்.

ஒரே பெயரில் இருவர்

இனி அந்தப் பூஜ்யத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் மதிப்பைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக் கழிப்பதற்கு, லேக் என்ற கருவியை உபயோகிக்கும்படி அவளுடைய தோழி ஒருத்தி சொல்லிக் கொடுத்திருந்தாள். இவளும் வீட்டில் நாலைந்து எண்களைப் போட்டுப் பார்த்தாள். சரியாகவே வந்தது. அந்த வரியைத் தன் புரோகிராமில் சேர்த்துக்கொண்டாள். மறுநாள் கல்லூரிக் கம்ப்யூட்டரில் முழுக் கணக்கையும் ஓட்டினாள். அட்டவணை வந்தது, எழுதிக்கொண்டாள்.

அன்று ராத்திரி என் எதிரில் அதே புரோகிராமை வீட்டில் புதிதாக ஓட்டினாள். இங்கேயும் பூஜ்யம்! "காலையில் சரியாகத்தானே வந்தது பெரியப்பா!" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

சந்தேகத்தைத் தீர்க்க, ஆர் மொழியோடு கூடவே வரும் மாதிரிப் புள்ளிவிவரம் ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஏர்குவாலிட்டி என்று பெயர். 1973-ஆம் ஆண்டு மே முதல் செப்டம்பர் வரை 153 நாட்களுக்கு நியூயார்க் நகரின் காற்று, வெயில் விவரம். டேட்டாசெட்ஸ் பெட்டியில் இருப்பதால் எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் இருக்கும். வேண்டுமானால் உங்கள் பிள்ளைகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் 6 நாட்களின் வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில்: 67, 72, 74, 62, 56, 66. மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்: 5 ஏற்றம், 2 ஏற்றம், 12 இறக்கம், 6 இறக்கம், 10 ஏற்றம். கம்ப்யூட்டர் சொன்னதோ 0, 0, 0, 0, 0, 0.

விஷயம் இதுதான். லேக் என்ற பெயரில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று, கூடவே வரும் ஸ்டாட்ஸ் பெட்டியில் இருப்பது. இன்னொன்று, ஹேட்லி விக்ஹாமும் அவருடைய சகாக்களும் எழுதி 2014-இல் கிரானில் வெளிவந்த டிப்ளையர் பெட்டியில் இருப்பது. டிப்ளையரின் லேக் எண்களை ஓர் இடம் கீழே தள்ளும். இவளுக்கு வேண்டியது அதுதான். ஸ்டாட்ஸ் பெட்டியின் லேக் காலத்தொடர்களுக்காகச் செய்யப்பட்டது. அது எண்களைத் தொடாது, அவற்றோடு ஒட்டியிருக்கும் காலக் கணக்கை மட்டும் நகர்த்தும். வண்டியை நகர்த்தாமல் டைம்டேபிளை மட்டும் திருத்துவது போல. சாதாரண எண் வரிசையிலிருந்து அதைக் கழித்தால் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதே எண்ணைக் கழித்ததாக ஆகிறது. அதனால் எல்லாமே பூஜ்யம்.

எந்த லேக் வேலைக்கு வரும்? கடைசியாகத் திறந்த பெட்டியில்தான் ஆர் முதலில் தேடும். டிப்ளையர் திறந்திருந்தால் அதனுடைய லேக். திறக்காவிட்டால், எப்போதும் தோளில் இருக்கும் ஸ்டாட்ஸின் லேக். அன்று காலையில் இவள் வேறு ஏதோ வேலைக்காக டிப்ளையரைக் கையால் தட்டச்சு செய்து திறந்திருந்தாள். புரோகிராமுக்குள் அந்த வரியை எழுதவில்லை. ஆகவே காலையில் வந்தது ஒருவர், மற்ற இடங்களில் வந்தவர் அதே பெயருள்ள இன்னொருவர்.

டிப்ளையர் பெட்டியைத் திறக்கும்போதே கம்ப்யூட்டர் ஓர் எச்சரிக்கை கொடுக்கும்: ஸ்டாட்ஸ் பெட்டியிலுள்ள ஃபில்டர், லேக் என்ற இரண்டும் இப்போது மறைக்கப்படுகின்றன என்று. தினமும் வருகிற செய்தி என்பதால் யாரும் படிப்பதில்லை. திறக்காமல் விட்டாலோ எந்த எச்சரிக்கையும் கிடையாது. கணக்கு அமைதியாக நடந்து முடிந்துவிடும்.

பழைய கை சிக்னல்களில் ஓர் ஏற்பாடு உண்டு. இழுக்கும் கம்பி அறுந்துபோனால், கை தானாக அபாய நிலைக்குத் திரும்பிவிடும். கோளாறு வந்தால் வண்டி நிற்க வேண்டுமே தவிர, போகலாம் என்று காட்டிவிடக் கூடாது. பிழைச் செய்தி போட்டு நின்றுவிடும் புரோகிராம் அந்தச் சிக்னலைப் போன்றது. மாணவர்கள் அதைக் கண்டு பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது, தப்பான பதிலைச் சுத்தமான அட்டவணையாகக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும் புரோகிராமைக் கண்டுதான்.

எதை நம்புவது?

அப்படியானால் கூடவே வருவதை மட்டும் உபயோகித்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அடிப்படைப் பெட்டிகளுக்குப் பெரிய சௌகரியம் உண்டு. அவற்றைப் பராமரிப்பது மையக் குழு. எந்த ஊரில் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அவை இருக்கும். மாறுதல்கள் நிதானமாகவே நடக்கும். ஆனால் மாறவே மாறாது என்பதில்லை. 2020-இல் 4.0.0 பதிப்பு வந்தபோது, கோப்பில் உள்ள சொற்களைப் படித்துக்கொள்ளும் விதத்தில் நெடுநாளாக இருந்த ஒரு வழக்கத்தையே மாற்றினார்கள். பழைய புரோகிராம்கள் பலவற்றைத் திருத்த வேண்டியதாயிற்று.

உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் இடையே உள்ள கோடும் நிலையானது அல்ல. தனித்தனியாக இருந்த பல பெட்டிகளை 2004-இல் ஒன்று சேர்த்துத்தான் இன்றைய ஸ்டாட்ஸ் பெட்டியைச் செய்தார்கள். முன்னே சொன்ன பேரலல், வெளியிலிருந்த இரண்டு பெட்டிகளின் வேலையை எடுத்துக்கொண்டு 2011-இல் உள்ளே வந்தது. ஒரு கணக்கின் விடையை அடுத்த கணக்குக்குக் குழாய் போலக் கடத்தும் குறி பல வருடம் வெளிப்பெட்டி ஒன்றின் சொத்தாக இருந்தது. 2021-இல் அதே வேலையைச் செய்யும் குறியை மொழியிலேயே சேர்த்துவிட்டார்கள். வெளியே பலர் உபயோகித்து நல்லது என்று கண்டதுதான் பிறகு உள்ளே வருகிறது. ஆகவே வெளிப்பெட்டிகளைக் குறைவாக நினைப்பதற்கில்லை. உலகத்தின் புதிய வேலையெல்லாம் அங்கேதான் நடக்கிறது.

ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருப்பவர் பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர். அதை மறக்கக் கூடாது. நில வரைபட வேலைகளுக்கு ஆர்ஜிடால், ஆர்ஜியோஸ், மேப்டூல்ஸ் என்று மூன்று பெட்டிகள் நீண்ட காலம் புழக்கத்தில் இருந்தன. அவற்றைப் பராமரித்து வந்தவர் நார்வே நாட்டின் பேராசிரியர் ரோஜர் பிவாண்ட். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதை ஒட்டி, 2023 அக்டோபரில் அந்த மூன்றையும் கிரானிலிருந்து விலக்கி ஆவணக் காப்பில் வைத்துவிட்டார்கள். திடீரென்று செய்யவில்லை. முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, எஸ்எஃப், டெர்ரா என்ற புதிய பெட்டிகளுக்கு மாறிக்கொள்ளும்படி சொல்லி, அவகாசமும் கொடுத்தார்கள். ஓய்வு பெறும்போது சார்ஜை முறையாக ஒப்படைப்பது என்பது என்ன என்று தெரிந்தவன் என்ற முறையில் எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை. எல்லாரும் அப்படிச் செய்துவிட்டுப் போவதில்லை.

இன்னொரு சங்கதி. ஒரு வெளிப்பெட்டியை வரவழைத்தால் அது தனக்கு வேண்டிய மற்ற பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு வரும். ஒருவரை விருந்துக்குக் கூப்பிட்டால் பெட்டி படுக்கையோடு குடும்பமே வந்து இறங்குகிற மாதிரி. அதில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் நம் வேலை நிற்கும்.

என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புதுப் பதிப்பு வந்துவிட்டதே என்று ஒரு நாள் உற்சாகமாக ஆர் மொழியை மாற்றி நிறுவினேன். நான் வரவழைத்து வைத்திருந்த பெட்டிகள் ஒன்றையும் காணோம்! விண்டோஸில் அவற்றைப் பதிப்பு எண்ணுக்கு ஒன்றாகத் தனி அறையில் வைக்கிறார்கள். பதிப்பு எண்ணின் நடுப்பகுதி மாறினால் புது அறை, காலி அறை. கூடவே வருபவை மட்டும் புதுப் பதிப்போடு வந்திருந்தன. மற்றவற்றை ஒவ்வொன்றாக மறுபடி வரவழைத்தேன். வரவழைத்தவற்றின் பட்டியலை எழுதி வைத்திருந்தால் அரை மணி வேலை. எழுதி வைக்காததால் இரண்டு நாள்.

பதிவேடு

ரயில்வேயில் இடமாற்றம் வந்தால் வருபவரும் போகிறவரும் எதிரெதிரே உட்கார்ந்து கருவிகளை எண்ணி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சார்ஜ் கைமாறும். இளம் வயதில் எனக்கு இது வெட்டி வேலையாகத் தோன்றியதுண்டு. அன்று ராத்திரி அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது அந்தப் பதிவேட்டைத்தான். நாங்கள் பேசி முடிவு செய்தவை இவை:

1. புரோகிராமின் முதல் வரிகளிலேயே, திறக்க வேண்டிய எல்லாப் பெட்டிகளையும் எழுதிவிட வேண்டும். கையால் தட்டித் திறந்தது கணக்கில் சேராது.

2. ஒரே பெயரில் இரண்டு கருவிகள் இருக்கும் என்று தெரிந்தால், பெட்டியின் பெயரை முன்னால் எழுதி, இரண்டு முக்காற்புள்ளிகள் :: போட்டு, பிறகு கருவியின் பெயரை எழுத வேண்டும். அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்கிற மாதிரி. அந்தப் பெட்டி கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் கணக்கு அங்கேயே நின்றுவிடும், தப்பான ஆள் வந்து நிற்க மாட்டார்.

3. யாருக்காவது கொடுப்பதற்கு முன்னால் ஆர் மொழியை மூடிவிட்டு, புதிதாகத் தொடங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

4. கடைசியில் செஷன்இன்ஃபோ என்ற கட்டளையைக் கொடுத்து, எந்தப் பதிப்பு, எந்தெந்தப் பெட்டி, ஒவ்வொன்றுக்கும் என்ன எண் என்ற பட்டியலை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்க வேண்டும். நாளைக்கு வேறு ஒருவர் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம்.

5. வெளியே போவதற்கு முன்னால், நம் தோளில் இருப்பதை ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஐந்தாவது எப்படி வந்தது என்றால், ராத்திரி டிப்ளையரைப் புரோகிராமில் சேர்க்கப்போன சமயத்தில் அவளே சட்டென்று நிறுத்தினாள். "பெரியப்பா, இதற்கு டிப்ளையரே வேண்டாம்!" என்றாள். ஆர் மொழியின் மூலப் பெட்டியான பேஸிலேயே டிஃப் என்று ஒரு கருவி இருக்கிறது. அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைக் கொடுப்பது ஒன்றுதான் அதன் வேலை. முதல் வருடத்திலேயே படித்திருக்கிறாள், மறந்துவிட்டாள். நியூயார்க் எண்களைக் கொடுத்தோம். 5, 2, கழித்தல் 12, கழித்தல் 6, 10 என்று வரிசையாக வந்தது. 153 நாட்களுக்கு 152 வித்தியாசங்கள், இருக்க வேண்டியபடி. இண்டெண்ட் எழுதி டிப்போவுக்கு ஆள் அனுப்பிய பொருள் கீமேனின் தோளிலேயே இருந்திருக்கிறது!

பிறகு நம் ஊர் வெயிலைப் போட்டோம். "3 டிகிரிக்கு மேல் ஏறிய நாட்கள்" என்ற வரியில் பூஜ்யம் போய் இரண்டு இலக்க எண் வந்து உட்கார்ந்தது. "இவ்வூரில் வெப்பநிலை திடீரென ஏறுவதில்லை" என்று எழுதியிருந்த முடிவுரைப் பத்தி முழுவதையும் அடித்துவிட்டு அவள் திருப்பி எழுதினாள். மணி இரண்டாகிவிட்டது. என் மனைவி எழுந்து வந்து, "பெரியப்பாவும் மகளும் தூங்கப்போவதாக உத்தேசம் உண்டா?" என்று கேட்டுவிட்டு, திட்டிக்கொண்டே காபி போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் அவள் தன் பேராசிரியரிடம் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லி, அத்தியாயத்தை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டாள். கிடைத்தது. அந்தத் திருத்தத்தைப் பற்றி வாய்மொழித் தேர்விலும் கேள்வி வந்ததாம். தயங்காமல் பதில் சொன்னாளாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலருக்குப் பிள்ளைகளின் படிப்பு புரிவதில்லை. அதற்காக ஒதுங்கிக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் கொண்டுவரும் விடை நாம் கண்ணால் பார்த்த உலகத்தோடு ஒத்துப்போகிறதா என்று கேட்கக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டாம். "எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாயா?" என்று கேட்கவும் தெரிய வேண்டாம்.

இப்போது அவள் புனேயில் வேலையில் இருக்கிறாள். சென்ற மாதம் போன் செய்தாள்.

"பெரியப்பா, எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், எல்லாம் பூஜ்யமாக வருகிறது என்று முழித்துக்கொண்டு நின்றான்."

"நீ என்ன சொன்னாய்?"

"ஒன்றும் சொல்லவில்லை. பதிவேட்டைக் காட்டு என்றேன்."